கண்ணுக்கும் ஒரு வளர்ச்சிப் படம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதத்துக்கு ஒருநாள் நிறுவைக் கிளினிக் நடக்கும். வளையில் கட்டித் தொங்கவிட்ட தராசில், துணிக் காற்சட்டைக்குள் கால்களை உதறிக்கொண்டு பிள்ளை வீரிட்டு அழும். மிட்வைப் மிஸ்ஸி முள்ளைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைத் திறந்து ஒரு புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியோடு அதைக் கோடிட்டு இணைப்பார். தாய்மார் எட்டிப் பார்ப்பது எத்தனை கிலோ என்பதையல்ல. கோடு பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா, ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதைத்தான். எழுத்தறியாத ஆச்சிமாருக்குக்கூட அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அந்தப் பதிவேட்டையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு ஓடியவர்கள் நாங்கள்.

நிறையும் உயரமும் வளர்வதுபோலக் கண்ணும் வளர்கிறது. பிறக்கும்போது, முன்னிருந்து பின்னாக, கண்ணின் நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். முதல் மூன்று ஆண்டுகளில் விறுவிறுவென்று நீண்டு 21 ஐத் தாண்டுகிறது. பிறகு வேகம் தணிந்து, பாடசாலைக்குப் போகும் வயதில் 22 க்கும் 23 க்கும் இடையில் நிற்கிறது. வளர்ந்தவர்களின் கண் 23 முதல் 24 மில்லிமீற்றர். இதற்குமேல் ஒரு மில்லிமீற்றர் தேவையின்றி நீண்டாலே பார்வையில் ஏறத்தாழ இரண்டரை டயொப்டர், அதாவது கண்ணாடிப் பவரில் இரண்டரை, குறும்பார்வை வந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் என்பது அடிமட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகளுக்கு இடையிலுள்ள வெளிதான்.

குறும்பார்வையைப் பலரும் கண்ணில் ஏதோ பலவீனம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளில் அது பலவீனமல்ல, அளவுமீறிய வளர்ச்சி. கண்ணின் முன்புறம் ஒளியைக் குவிக்கும் இடத்தைக் கடந்து விழித்திரை பின்னால் போய்விடுகிறது. அதனால் தூரத்துப் பொருளின் உரு விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, கலங்கித் தெரிகிறது. கண்ணாடி அந்தக் கலங்கலைத் தீர்க்கும். நீண்ட கண்ணைக் குறுக்காது. நீண்ட கண் பிறகு குறுகுவதில்லை என்பதுதான் இந்த விடயத்தின் முழுப் பாரமும்.

தரம் 4 இல் படிக்கும் என் பேத்தியின் கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. போன வருடம் கொழும்புக்குப் போயிருந்தபோது, தனக்கிருக்கும் குறும்பார்வையை நினைத்து அவளுடைய தாய் பிள்ளையையும் ஒரு கண் வைத்தியரிடம் காட்டினாள். எழுத்துப் பலகையைப் பிள்ளை கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் வாசித்தாள். 6/6. நாங்கள் எழும்பப் போனோம். வைத்தியர் மறித்தார். ஒரு கருவியின் முன்னால் நாடியை வைக்கச் சொல்லி, உள்ளே தெரியும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். பத்துச் செக்கன்கூட ஆகவில்லை. கண்ணில் எதுவும் படவில்லை. துண்டில் ஒரு எண் வந்தது: 23.10. ஒரு வருடம் கழித்து அதே கருவியில் மறுபடி அளந்தபோது 23.47. பிள்ளை அன்றைக்கும் கடைசி வரி வரை வாசித்தாள். ஆனால் அவளுடைய கண் ஒரே ஆண்டில் 0.37 மில்லிமீற்றர் நீண்டிருந்தது. பார்வை நன்றாக இருக்கும் பாடசாலைப் பிள்ளையின் கண் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை நீள்வது இயல்பு. 0.3 ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அந்தக் கருவி புதிதல்ல. கண்புரை சத்திரசிகிச்சைக்கு முன்பு, உள்ளே வைக்கும் வில்லையின் வலுவைக் கணக்கிட முதியவர்களின் கண் நீளத்தை அளக்க வேண்டும். அதற்காகவே ஒளியால் அளக்கும் கருவிகள் கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளன. ஒளியலைகள் கண்ணின் முன்புறத்திலிருந்தும் விழித்திரைப் பக்கத்திலிருந்தும் திரும்பி வருவதை ஒப்பிட்டு, மில்லிமீற்றரில் நூறில் ஓரிரு பங்குவரை நுட்பமாகச் சொல்லிவிடும். தாத்தாவுக்காக வாங்கிய கருவியில் பேத்தியை இருத்தலாம் என்று எண்ணியதில்தான் புதுமை இருக்கிறது. அந்த எண்ணத்தை நாடளாவிய வேலையாக்கியவர்கள் சீனர்கள்.

அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2018 இல் சீன அரசு எடுத்த கணக்கில் சிறுவரும் இளையோருமாக 53.6 வீதத்தினருக்குக் குறும்பார்வை. ஆறு வயதுப் பிள்ளைகளில் 14.5 வீதம். ஆரம்பப் பாடசாலையில் 36 வீதம். கனிஷ்ட இடைநிலையில் 71.6. உயர்தர வகுப்புகளில் 81. அந்த ஆண்டே எட்டு அமைச்சுகள் சேர்ந்து தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தன. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கண் விருத்திக் கோப்பு திறந்து, பார்வையோடு கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அதில் எழுதும் பழக்கம் பரவியது. 2019 இல் வூஹான் நகரப் பாடசாலைப் பிள்ளைகள் 12,000 பேருக்கு மேற்பட்டோரின் அளவுகளிலிருந்து, ஆணுக்கு வேறு பெண்ணுக்கு வேறாக, ஐந்து வயதிலிருந்து வளர்ச்சிக் கோடுகள் வரைந்து வெளியிட்டார்கள். ஒல்லாந்தின் ரொட்டர்டாமில் அதற்குச் சற்று முன்னரே அப்படியொரு படம் வந்திருந்தது. அங்கே பிள்ளைகளின் சராசரிக் கண் நீளம் 6 வயதில் 22.4, 9 வயதில் 23.1 மில்லிமீற்றர்.

கிளினிக்கில் நாங்கள் பார்த்துப் பழகிய படத்தின் அதே வடிவம். கீழே வயது, பக்கவாட்டில் மில்லிமீற்றர், நடுவே வளைந்தேறும் கோடுகள். நூறு பிள்ளைகளை நீளத்தின்படி வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை எத்தனையாவதாக நிற்பாள் என்று அந்தக் கோடுகள் சொல்லும். அதைவிட முக்கியம், அடுத்த ஆண்டு அளக்கும்போது அதே கோட்டில் போகிறாளா, மேலுள்ள கோட்டுக்குத் தாவிவிட்டாளா என்பது. குறும்பார்வை வெளிப்படுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கண் நீள்வதில் வேகம் பிடிக்கிறது என்பதை அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எழுத்துப் பலகை சொல்வதற்கு முன்பே மில்லிமீற்றர் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சீனப் படத்தை அப்படியே எடுத்து எங்கள் பிள்ளையின் எண்ணை அதில் வைத்துப் பார்ப்பது பிழை. எங்கள் பிள்ளைகள் சீனப் பிள்ளைகள் அல்ல என்பது காரணத்தில் பாதிதான். மறுபாதி இன்னும் ஆழமானது. வூஹான் படத்தின் நடுக்கோடு அங்குள்ள சராசரிப் பிள்ளையின் கோடு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அங்கே சராசரிப் பிள்ளைக்கே குறும்பார்வை. ஆகவே நடுக்கோட்டில் பிள்ளை போகிறாள் என்று ஆறுதலடைந்தால், எல்லோரோடும் சேர்ந்து அவளும் குறும்பார்வைக்குப் போகிறாள் என்றுதான் அதற்குப் பொருள். அந்தப் படம் கண்கள் எப்படி வளர்ந்தன என்று சொல்கிறது. எப்படி வளர வேண்டும் என்று அது சொல்லவில்லை.

நிறைப் படத்தில் இந்தச் சிக்கலை உலக சுகாதார நிறுவனம் ஒருமுறை தீர்த்திருக்கிறது. 2006 இல் வெளிவந்த அதன் புதிய வளர்ச்சிப் படங்களுக்காக, கண்ணில் பட்ட பிள்ளைகளையெல்லாம் நிறுக்கவில்லை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, புகை பிடிக்காத தாயிடம் நல்ல சூழலில் வளரும் பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுத்து அளந்தார்கள். தடை ஏதும் இல்லாவிட்டால் மனிதப் பிள்ளை எப்படி வளரும் என்ற கோடு அப்படித்தான் கிடைத்தது. எங்கள் தாய்மார் இன்று எட்டிப் பார்க்கும் பச்சைப் பட்டை அந்தக் கோட்டிலிருந்து வந்தது. கண்ணுக்கு அப்படியொரு கோட்டை யார் வரைவது? வெள்ளம் தலைக்குமேல் போன நாடுகளால் முடியாது. தென்கொரியாவில் சியோல் நகரத்து 19 வயது இளைஞர்களைப் படைக்குச் சேர்க்கும்போது பரிசோதித்ததில் 96.5 வீதத்தினருக்குக் குறும்பார்வை இருந்தது. அங்கே போய் நலமான கண்ணின் வளர்ச்சியைத் தேட முடியாது. தெற்காசியாவில் இன்னும் தேடலாம். 2015 இல் வெளிவந்த ஆய்வில் டெல்லி எயிம்ஸ் வைத்தியர்கள் அந்நகரப் பாடசாலைப் பிள்ளைகளில் 13.1 வீதத்தினருக்கே குறும்பார்வை கண்டார்கள்.

‘அது சீனருக்கு வருகிற வருத்தம், எங்களுக்கு வராது’ என்று ஆறுதல் சொல்பவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்ட விரும்புகிறேன். 1990களின் பிற்பகுதியில் அங்கு தேசிய சேவைக்கு வந்த 15,000 இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். சீனரில் 82.2 வீதம், மலாயரில் 65 வீதம், இந்திய வம்சாவளியினரில் 68.7 வீதம் குறும்பார்வை. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர். அவர்களின் முன்னோரில் எங்கள் ஊர்களிலிருந்து மலாயாவுக்கு இலிகிதர்களாகவும் ரெயில்வே ஊழியர்களாகவும் கப்பலேறியவர்களும் உண்டு. ஒரே இரத்தம், இரண்டு மூன்று தலைமுறை. பரம்பரை அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. பிள்ளை பொழுதைக் கழிக்கும் விதம்தான் மாறியது.

எந்த விதம் என்பதற்குச் சிட்னி ஒரு விடை சொன்னது. சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதில், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டு 2008 இல் வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 வீதத்தினருக்குக் குறும்பார்வை. சிட்னியில் 3.3 வீதம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குக் கூடுதலான புத்தகங்களே வாசித்தார்கள். கண்ணில் குத்துகிற வேறுபாடு ஒன்றுதான்: சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம்.

நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரக்கிறது என்றும், அது கண்ணின் வளர்ச்சிக்குக் கடிவாளமிடுகிறது என்றும் கோழிக்குஞ்சு முதல் குரங்குவரை பார்த்த ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். வகுப்பறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே வெயிலில் அது ஒரு இலட்சத்தைத் தொடும். மரநிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். தாய்வானில் நடந்த ஆய்வில் ஆயிரம் லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் வாரத்துக்கு 11 மணி நேரம் இருந்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. எங்கள் ஊரின் ஒரு வேப்பமர நிழல் போதும் என்பது இதன் பொருள். உச்சி வெயிலில் பிள்ளையைக் காய விடத் தேவையில்லை.

என் தலைமுறை இதை வேறு மாதிரி விளங்கி வைத்திருந்தது. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னாகியது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டு, மணி விளக்கு அளவில் எரியும் சுடரைச் சுற்றி நாலு பிள்ளைகள் படித்தார்கள். அந்த மங்கல் வெளிச்சம்தான் கண்ணைக் கெடுத்தது என்று பின்னாளில் எல்லோரும் சொன்னோம். ஆசிரியையாக இருந்த நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கிட்டத்தில் வைத்து நெடுநேரம் வாசிப்பது கண்ணுக்குப் பாரம் என்பது உண்மை. ஆனால் இரவின் மங்கலைவிடப் பகலின் பற்றாக்குறையே பெரிய குற்றவாளி என்பதைத்தான் இந்த இருபது ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஜாம் போத்தல் பிள்ளைகள் பகலில் கிணற்றடியிலும் ஒழுங்கையிலும் தோட்டத்திலும் நின்றார்கள். சைக்கிளில் மைல் கணக்காக வெயிலில் போய் வந்தார்கள். இன்றைய பிள்ளையின் மேசையில் எல்.ஈ.டி. விளக்கு பளிச்சென்று எரிகிறது. அவளுடைய பகல்தான் போய்விட்டது.

எப்படிப் போனது என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். ஏழரைக்குப் பாடசாலை. ஒன்றரைக்கு முடியும். இரண்டரைக்கு ரியூசன், தகரக் கொட்டகைக்குள். ஒன்று முடிய மற்றது. ஆறு மணிக்கு வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சனி ஞாயிறு இன்னும் மோசம். புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்குப் பத்து வயது. அந்தப் பரீட்சைக்கான ஓட்டம் எட்டு வயதில் தொடங்குகிறது. கண் வேகம் பிடிக்கும் வயதும் அதுதான். இரண்டு ஓட்டங்களும் ஒரே ஆண்டுகளில் நடக்கின்றன. அதன்பின் 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் பூட்டப்பட்டு, போனுக்குள் வகுப்பு நடந்தது. சீனத்தின் சாண்டொங் மாகாணத்தில் அந்த முதலாண்டின் விளைவை எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் குறும்பார்வை அதற்கு முந்தைய ஆண்டுகளில் 5.7 வீதத்தைத் தாண்டவில்லை. 2020 இல் 21.5 வீதம்.

ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆறில்லாத, தொழிற்சாலை இல்லாத இந்த மண்ணில் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிய நாளிலிருந்து படிப்புத்தான் எங்கள் வயல். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்பட்டதைக் கண்ட குடும்பங்கள் பிள்ளையை மேசையோடு கட்டிவைத்தன. பிறகு போர். வீடும் காணியும் போனபோது கையில் மிஞ்சியது சான்றிதழ்தான். இந்த வரலாற்றைக் கடந்து வந்த தாயிடம் ‘பிள்ளையை விளையாட விடுங்கள்’ என்று போகிறபோக்கில் சொல்வது நியாயமல்ல. அவளுக்கு எண் வேண்டும். அளவு வேண்டும். நிறைப் படத்தைக் கண்டுதான் இந்தத் தாய்மார் திரிபோஷாவுக்கும் முட்டைக்கும் மாறினார்கள். கண்ணின் கோடும் மேலே தாவுவதைக் கண்ணால் கண்டால், நாலு மணி வகுப்பில் ஒன்றை விட்டுவிட அவளே முடிவெடுப்பாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அளவெடுப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களும் உண்டு. முதலாவது வலுவானது. தீவகத்திலும் வன்னியிலும் குறும்பார்வை உள்ள பிள்ளைகளுக்கே இன்னும் கண்ணாடி கிடைக்காதபோது, குறும்பார்வை வராத பிள்ளையின் கண்ணை ஏன் அளக்க வேண்டும்? கண்ணாடி முதலில். இதில் எனக்கு மறுபேச்சில்லை. கரும்பலகை தெரியாமல் பின் வாங்கில் இருந்து, மொக்குப் பிள்ளை என்று பேர் வாங்கிய மாணவர்களை நான் படிப்பித்திருக்கிறேன். கண்ணாடி போட்ட மறுவாரமே கணக்குச் செய்த பிள்ளையையும் கண்டிருக்கிறேன். கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போடும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சு வரைக்கும் யோசனை போகிறது. மலேசியாவில் 2002 இல் சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவர் குறைந்த கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பவரில் போட்ட பிள்ளைகளைவிட அவர்களுக்கே குறும்பார்வை வேகமாகக் கூடியது. பொன்னாங்காணியும் கரட்டும் உடம்புக்கு நல்லவை, மாலைக்கண்ணுக்கு மருந்து. கண் நீள்வதை அவை நிறுத்தா.

இரண்டாவது பயம் எனக்கும் உண்டு. எண் ஒன்று கையில் கிடைத்ததும் அதைப் பரீட்சைப் புள்ளியாக்கிவிடும் ஊர் இது. ‘உங்கட பிள்ளைக்கு எத்தனை மார்க்ஸ்’ என்பதுபோல ‘எத்தனை மில்லிமீற்றர்’ என்று மதிலுக்கு மேலால் கேட்கத் தொடங்கினால் அளவெடுத்ததன் பயன் கெட்டுவிடும். தனி ஒரு எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது. உயரமான பிள்ளைக்குக் கண்ணும் கொஞ்சம் நீளம். ஆண்பிள்ளையின் கண் பெண்பிள்ளையினதைவிட ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கூட. 24 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கண்ணில் கருவிழி தட்டையாக இருந்தால் பார்வை தெளிவாகவே இருக்கும். அதே நீளத்தில் கருவிழி வளைவு கூடிய மற்றப் பிள்ளைக்குக் குறும்பார்வை இருக்கும். அதனால்தான் நீளத்தைக் கருவிழி வளைவின் ஆரையால் வகுத்துப் பார்க்கிறார்கள். விடை 3 ஐ நெருங்கி மேலே போனால் கவனம் தேவை. எந்தக் கடையிலாவது ஒரு துண்டை நீட்டி, பயமுறுத்தி, விலைகூடிய கண்ணாடியைத் தலையில் கட்டுவார்களானால் அதற்கு இந்தக் கட்டுரை துணைபோகக் கூடாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்துப் பிற்காலத்தைச் சொல்ல வேண்டுமானால், நீளத்தைவிடப் பழைய முறையே நன்றாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 4,500 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2015 இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு அது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, தசையைத் தளர்த்தி, கண்ணின் உண்மையான பவரைப் பார்ப்பதுதான் அந்த முறை. சின்னப் பிள்ளையின் கண் சற்றுக் குட்டையாக, சற்று நீள்பார்வையோடு இருக்க வேண்டும். அது வளர்வதற்கான கையிருப்பு. தரம் 1 இல் அந்தக் கையிருப்பு முக்கால் டயொப்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பிள்ளை குறும்பார்வையை நோக்கிப் போகிறாள். ஏழெட்டு வயதில் அரை டயொப்டர், ஒன்பது பத்தில் கால் டயொப்டர் என்பது எல்லை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். சொட்டு மருந்தும் கைவிளக்குப் போன்ற ஒரு கருவியும் பழகிய கையும் போதும். வடக்கின் கண் கிளினிக்குகளில் நாளைக்கே செய்யலாம். ஆபத்திலுள்ள பிள்ளையை இப்படிப் பிரித்தெடுத்தபின், வேகத்தைத் தொடர்ந்து பார்க்கத்தான் நீளத்தை அளக்கும் கருவி.

எங்கே தொடங்குவது? இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஏற்கனவே நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். ஆறு மீற்றர் தள்ளிப் பலகையை மாட்டிப் பார்வையையும் பார்க்கிறார்கள். பல நாடுகள் இனித்தான் கட்ட வேண்டிய ஏணி இங்கே நிற்கிறது. அந்தப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்: தாய் தகப்பனுக்குக் குறும்பார்வை உண்டா, பிள்ளை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியில் நிற்கிறது. இருவருக்கும் குறும்பார்வை இருந்து, வெளியில் நிற்பதும் குறைவென்றால், 6/6 வாசித்தாலும் அந்தப் பிள்ளையைச் சொட்டு மருந்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தரம் 1 உம் தரம் 4 உம் இதற்கென்றே வைத்ததுபோல அமைந்த வயதுகள்.

எங்கள் பிள்ளைகளின் கண் வளர்ச்சிப் படத்தை வரையும் வேலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்குரியது என்று நினைக்கிறேன். 1978 இல் தொடங்கிய பீடம். போருக்குள்ளும் வைத்தியர்களை உருவாக்கியது. வலிகாமத்தில், வடமராட்சியில், தென்மராட்சியில், தீவகத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் ஓராயிரம் பேரைச் சேர்த்து, ஆண்டுக்கொருமுறை பத்து ஆண்டுகள் அளக்கட்டும். நகரத்து ரியூசன் பிள்ளையும் நெடுந்தீவின் வெளியில் திரியும் பிள்ளையும் ஒரே படத்தில் வந்தால், ஒரே மொழி, ஒரே சாப்பாடு, வேறு வேறு பகல் எப்படிக் கண்ணை வளர்க்கிறது என்று உலகத்துக்கே காட்டலாம். சீனா வெள்ளம் வந்தபிறகு அளவுகோலை நட்டது. நாங்கள் அதற்கு முன் நட முடியும். இன்னும் பத்து ஆண்டு தாமதித்தால் எங்கள் நடுக்கோடும் வூஹானின் நடுக்கோடாகிவிடலாம்.

இந்த மண்ணுக்கு அது அந்நியமான வேலையுமல்ல. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு நில்லாமல், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872 இல் தமிழில் வந்தது அவருடைய முயற்சியால். கண்ணின் படைகளுக்கும் நரம்புகளுக்கும் தமிழில் பெயர் தேடி உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் குடாநாட்டு மாணவர்கள். அப்படியிருக்க, எங்கள் பிள்ளைகளின் கண்ணை நாங்களே அளந்து வைத்திருக்கவில்லை என்பது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

கண் நீளும் வேகத்தைக் குறைக்க மருந்தும் கண்ணாடியும் இப்போது உண்டு. ஹொங்கொங்கில் நடந்த ஆய்வில் 0.05 வீத அத்திரோப்பின் சொட்டு மருந்து முதல் ஆண்டில் கண் நீள்வதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஓரங்களில் வேறு பவர் வைத்த விசேட கண்ணாடி வில்லைகளும் அங்கிருந்து வந்தவைதான். ஒரு டயொப்டர் குறும்பார்வையைத் தடுத்தாலே, பிற்காலத்தில் விழித்திரையின் மையம் தேய்ந்து பார்வை போகும் ஆபத்து 40 வீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கண் 26 மில்லிமீற்றரைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்தும், விழித்திரை பிரிந்துபோகும் ஆபத்தும் பன்மடங்கு. இவையெல்லாம் வைத்தியர் பார்த்துத் தர வேண்டியவை. கையில் காசுள்ளவருக்கே எட்டுபவையும்கூட.

எட்டாதவருக்கு எட்டக்கூடியது பாடசாலையின் கையில் இருக்கிறது. தென்சீனத்தின் குவாங்சோவில் பன்னிரண்டு பாடசாலைகளை எடுத்தார்கள். ஆறில், தரம் 1 பிள்ளைகளுக்குப் பாடசாலை முடியும் நேரத்தில் 40 நிமிட வெளிவகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மற்ற ஆறு வழமைபோல் நடந்தன. மூன்று ஆண்டு முடிவில் வழமைப் பாடசாலைகளில் 39.5 வீதத்தினருக்குப் புதிதாகக் குறும்பார்வை வந்திருந்தது. வெளிவகுப்பு நடந்தவற்றில் 30.4 வீதம். தாய்வானில் இடைவேளைக்கு வகுப்பறையைப் பூட்டிப் பிள்ளைகளை வெளியில் விட்டார்கள். நாளொன்றுக்கு 120 நிமிடம் என்பது 2010 இலிருந்து அந்நாட்டின் இலக்கு. எங்கள் பாடசாலைகளில் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கணித ஆசிரியையாக இருந்த நானும் எடுத்திருக்கிறேன். புலமைப்பரிசில் வகுப்புக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வலயக் கல்விப் பணிமனையின் ஒரு சுற்றுநிருபம் போதும். ரியூசன் நடத்துபவர்கள் நாலரைக்கு அரை மணி நேரம் கொட்டகையைவிட்டு மாமரத்தின் கீழ் பிள்ளைகளை விடலாம். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை ரியூசன் வேண்டாம் என்ற பேச்சு அறநெறிப் பாடசாலையை முன்னிட்டுப் பலமுறை எழுந்திருக்கிறது. கண்ணை முன்னிட்டும் அதை எழுப்பலாம். பெண்பிள்ளைகளை விசேடமாக நினைக்க வேண்டும். பத்து வயதானதும் மதிலுக்குள் போய்விடுபவர்கள் அவர்கள்தான்.

என் பேத்தி நாலு மணி வகுப்பை விட்டு எட்டு மாதமாகிறது. அவளுடைய தாய்க்கு இன்னும் நெஞ்சில் கொஞ்சம் பயம், புலமைப்பரிசில் அடுத்த வருடம் என்று. பின்னேரங்களில் பிள்ளை பக்கத்து வளவுப் பிள்ளைகளோடு ஒழுங்கை முகப்பில் கிளித்தட்டு மறிக்கிறாள். பழைய சுகாதார விருத்திப் பதிவேட்டை அலுமாரியிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களையும் திகதியோடு எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாவது அளவு வைகாசியில்.